ஒன்பது வீட்டுப் பஞ்சு

சுடலைவடிவு அக்கா வைகாசிக் கடைசியில் இறந்துபோனார். ஐம்பத்திரண்டு வயது. எங்கள் நகராட்சியின் பொருள் மீட்பு மையத்தில் பழைய மெத்தைகளைப் பிரிக்கும் வேலை பார்த்தவர். நான் அங்கே மேற்பார்வையாளன். அவரைப் பற்றி எழுதினால், அவருக்கு நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால், இறந்தவர் படுத்திருந்த மெத்தையையும் தலையணையையும் அந்த வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். பாலத்துக்கு அடியில் ஆற்றோரமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். தண்ணீர் கூடினால் அவை ஊறி, மிதந்து, வாய்க்கால் மடையில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு வருடம் ஒரே மடையில் இருபத்து மூன்று மெத்தைகள் எடுத்தோம். ஒவ்வொன்றையும் வெளியே இழுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் உத்தரவு வந்தது. மெத்தையை ஆற்றிலோ தெருவிலோ போடக் கூடாது. நகராட்சியே வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதைப் பிரித்து மறுபயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் சனிக்கிழமை மெத்தை நாள் ஆயிற்று.

வாங்க வண்டி இருந்தது, பிரிக்க ஆள் இல்லை. அழுகிய குப்பையை முகம் சுளிக்காமல் அள்ளுகிறவர்கள்கூடச் செத்த வீட்டு மெத்தை என்றதும் பின்வாங்கினார்கள். வடிவக்கா மட்டும் வந்தார். அதுவரை வாழைத்தார் சுமந்தவர். கணவர் இசக்கியப்பன் மோட்டார் அறையில் மின்சாரம் தாக்கி இறந்தபோது மகள் நித்யாவுக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளையைத் தனியாக வளர்த்துப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்திருந்தார்.

"பயமில்லையாக்கா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"செத்தவுக வந்து என்னையக் கடிக்கவா போறாவ. அவுகளுக்கு அங்கன வேற சோலி இருக்கும் சார்."

வேலையை அவராகவே ஒழுங்கு செய்துகொண்டார். மெத்தையைக் கால்மாட்டுத் தையலிலிருந்து கிழிக்க ஆரம்பிப்பார். தலைமாட்டில் கத்தி வைக்க மாட்டார். இலவம்பஞ்சு ஒரு பக்கம், தேங்காய் நார் ஒரு பக்கம், ஸ்பாஞ்சு ஒரு பக்கம், ஸ்பிரிங் கம்பி ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார். பஞ்சைத் தார்ப்பாயில் இரண்டு நாள் வெயில் காட்டி, கட்டியை உதிர்த்து, நீராவிப் பெட்டிக்குள் அனுப்புவோம். நல்ல பஞ்சு தலையணையாகத் தைக்கப்பட்டுப் பிள்ளைகள் விடுதிகளுக்கும் காப்பகத்துக்கும் போகும். நார் நாற்றுப் பண்ணைக்குப் போகும். ஸ்பாஞ்சை அழுத்திக் கட்டி வெளியூருக்கு அனுப்பிவிடுவோம்.

பிரிப்பதற்கு முன்னால் மெத்தையைத் தரையில் விரித்து அதன் பள்ளங்களைப் பார்ப்பது அவருக்கு வழக்கம். பார்த்தே படுத்தவரைச் சொல்வார்.

"இது ஒத்த ஆளு. சுவத்தப் பாத்து ஒருக்களிச்சே படுத்திருக்காவ. இது புருசன் பொண்டாட்டி. நடுவுல மேட்டப் பாருங்க, வருசக்கணக்கா சண்டை."

வண்டி ஓட்டும் எலியேசர் சும்மா இருக்க மாட்டார். "சார்வாள், இனிமே மெத்தைக்கு எடை எழுத வேண்டாம். ஜாதகமே எழுதிரலாம்."

"ஒம் மெத்தையக் கொண்டாலே, ஒன் ஜாதகத்தச் சொல்லுதேன்" என்பார் அக்கா. "பாதி மெத்தை புதுசாவே இருக்கும். பாதி ராத்திரி ஒன்னைய அவ தரையிலதான போட்டுருப்பா."

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. அதைத்தான் நான் தடுத்தேன். சனிக்கிழமை வண்டியோடு போகும்போது, வீட்டு வாசலில் மெத்தையை வாங்குவதற்கு முன் கேட்பார்: "யக்கா, இதுல படுத்தவுக நல்லா இருக்காவளா?" பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "உம்ம ஆளு மெத்தை வாங்க வந்தாளா, துட்டி கேக்க வந்தாளாவே?" என்றார். சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பதுதான் எங்கள் பக்கம் துட்டி.

அக்காவைக் கூப்பிட்டேன். "இனிமே யாரு வீட்டுலயும் அப்படிக் கேக்கக் கூடாதுக்கா. எல்லாம் ஒரே பெட்டியிலதான வேகுது. கேட்டு என்ன செய்யப் போறீங்க?"

"பெட்டிக்கு எல்லாம் ஒண்ணுதான் சார். தலையணை வச்சுப் படுக்கப் போற பிள்ளைகளுக்கு ஒண்ணு இல்லலா. செத்தவுக பஞ்ச நான் தனியாத்தான் போட்டுட்டு வாரேன். அத அந்தக் கார் சீட்டு தைக்கவனுக்கு அனுப்பிருதேன்."

எனக்குக் கோபம் வந்தது. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவன் நான். நகராட்சி செலவில், என் கண்ணுக்கு முன்னால், ஒருவர் பஞ்சில் தீட்டுப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பதிவேட்டில் நான்கே கட்டங்கள்: தேதி, வார்டு, வகை, எடை. "இதுல எங்கயாவது செத்தவங்க, இருக்கவங்கன்னு கட்டம் இருக்காக்கா?" என்று திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல சார்" என்றார். அதன் பிறகு என் காதுபட அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நித்யாவுக்குக் களக்காட்டில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் மணிராஜ், டிராக்டர் மெக்கானிக். தகப்பன் இல்லாத வீடு. அம்மா முத்துராணியும் தாய்மாமன் கொம்பையாவும்தான் பேசி முடித்தார்கள். சீரில் கட்டில், மெத்தை, பீரோ மூன்றும் வேண்டும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. மெத்தையைத் தானே செய்வதாக அக்கா சொன்னார். கடை ஸ்பாஞ்சு மூன்று வருடத்தில் என்ன ஆகும் என்று அவரை விடத் தெரிந்தவர் யார்? மையத்துப் பஞ்சை எடை போட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளப் பணியாளர்களுக்கு அனுமதி உண்டு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மாதம் சேர்த்தார். ஒவ்வொரு மெத்தையிலும் மூலைகளிலும் கால்மாட்டிலும் இருக்கும் பஞ்சை மட்டும் எடுத்தார். ஆள் பாரம் இறங்காத இடத்தில் பஞ்சு கட்டியாகாமல் அப்படியே இருக்கும். பல மெத்தைகளிலிருந்து எடுக்கவே மாட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கருநீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட துணி எடுத்து, மேலப்பாளையத்தில் ஒரு தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார். மையத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். கையை வைத்து அழுத்தினால் பைய உள்ளே போய், எடுத்ததும் மேலே வந்தது.

"நீங்க ஒரு தடவை படுத்துப் பாத்தீங்களாக்கா?"

"நான் எதுக்கு சார்? பிள்ளைக்குள்ளது."

தை மாதம் களக்காட்டில் கல்யாணம். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, ஓரமாக வரிசையாக வைத்திருந்த சீர்ச் சாமான்களைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கொம்பையா மெத்தையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்.

"கனமா இருக்கே. எந்தக் கடையில எடுத்தாவ?" என்று பொதுவாகக் கேட்டார். அக்கா பந்தியில் நின்றிருந்தார். நித்யா மணமேடையில் இருந்தாள். பதில் சொல்லும் தூரத்தில் நான் இருந்தேன்.

"கடையில வாங்கல அண்ணாச்சி" என்றேன். "அவங்களே செஞ்சது. எங்க மையத்துக்கு வார பழைய மெத்தைகள்ல இருந்து ஏழு மாசமா ஒவ்வொரு பிடியா நல்ல பஞ்சாப் பொறுக்கிச் சேத்தாங்க. இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு மெத்தை இருக்காது."

பாராட்டித்தான் சொன்னேன். கூட்டங்களில் இதையே சொல்லிக் கைதட்டல் வாங்கிப் பழகியிருந்தேன். கொம்பையா மெத்தையிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சாமான்களை வண்டியில் ஏற்றும் நேரத்தில் முத்துராணி என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. நின்று, நிதானமாகத்தான் கேட்டார்.

"சார், நீங்க படிச்சவுக, அங்கன அதிகாரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. செத்த வீட்டுப் பஞ்சு இதுல இல்லைன்னு சொல்லுவியளா?"

"அம்மா, நூறு டிகிரிக்கு மேல நீராவியில வேகவச்ச பஞ்சு. ஒரு கிருமி இருக்காது."

"கிருமியவா கேட்டேன்?"

"எந்தப் பஞ்சு எந்த வீட்டுலருந்து வந்ததுன்னு பதிவு கிடையாதும்மா. தெரியாததத் தெரியும்னு எப்படிச் சொல்ல?"

அதற்குள் அக்கா ஓடி வந்திருந்தார். கையில் சாம்பார் வாளி. "மதினி, எல்லாம் இருக்கவுக மெத்தை. ஒவ்வொரு வாசல்லயும் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். ஒம்பது வீடு. வீட்டச் சொல்லுதேன், நீங்களே போய்ப் பாருங்க. ரயிலடித் தெருவுல பேங்க்கு மேனேஜர் வீடு, மெட்ராசுக்கு மாத்தலாகிப் போகும்போது கொடுத்தாவ. அதுக்கு எதுத்தாப்புல ஜெயில்காரர் வீடு…"

"சாரே தெரியாதுங்காரு" என்றார் கொம்பையா. "அவரு அதிகாரி. நீ சொல்லுதத நம்பவா, அவரு சொல்லுதத நம்பவா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தடுத்த பிறகும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நம்பவும் செய்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டில் போயிற்று, பீரோ போயிற்று. மெத்தை மண்டபத்து வராந்தாவில் கிடந்தது. எலியேசர் அதைச் சுருட்டி வண்டியில் ஏற்றினார். 

அடுத்த வாரம் அக்கா அந்த மெத்தையை மையத்துக்குக் கொண்டுவந்தார். கால்மாட்டுத் தையலைக் கிழித்தார். பஞ்சு எல்லாவற்றையும் தலையணைக் குவியலில் போட்டார். துணியை மடித்து என் மேசையில் வைத்தார். "எழுதிக்கிடுங்க சார்" என்றார். தேதி, வார்டு, வகை, எடை எழுதினேன்.

நித்யாவை அந்த வீட்டில் யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மணிராஜ் நல்ல பையன். ஆனால் முத்துராணியின் மனதில் ஒன்று விழுந்துவிட்டது: புது மணமக்கள் படுக்கச் சாவு வீட்டுப் பஞ்சைக் கொடுத்தது மட்டுமில்லாமல், கேட்டபோது முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவள் சம்பந்தக்காரி. அந்த வாசலை அக்கா மிதிக்கக் கூடாது என்று ஆயிற்று. நித்யா ஆனி மாதம் போனில், குளிக்காமல் இருப்பதாகச் சொன்னாள். கூடவே, ஐப்பசியில் வளைகாப்பு களக்காட்டிலேயே நடக்கும், பிரசவத்துக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்றும் சொன்னாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. தாய் இருந்தும் இல்லாதது போல.

மறுநாள் அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், நீங்க ஒரு எட்டு களக்காட்டுக்குப் போய்ட்டு வரணும். நான் சொன்னா ஏறாது. நீங்க தெரியாதுன்னதுதான் அவுகளுக்குப் பெரிசாப் போச்சு. நீங்களே போய், விசாரிச்சேன், எல்லாரும் இருக்காவன்னு சொன்னா, அந்தப் பொம்பள கேப்பா. நல்ல பொம்பளதான் சார். ஏமாத்திட்டாளேங்கதுதான் அவளுக்கு."

"போறேன்கா. ஆனா நேர்ல ஒரு தடவை பாத்துட்டுப் போனா திடமாச் சொல்லலாம்லா."

"நான் சொல்லுதேன்லா சார். எதுக்குப் பாக்கணும்?"

"பாத்துருதேன்கா. ஐப்பசிக்கு இன்னும் நாளிருக்குல்ல."

அவர் ஒன்பது வீட்டையும் வரிசையாகச் சொன்னார். ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுதிக்கொண்டேன். ஆடியில் கணக்கெடுப்பு, ஆவணியில் பயிற்சி வகுப்பு என்று நாள் போயிற்று. புரட்டாசியில்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாலை வேளைகளில் வீடு வீடாகப் போனேன். அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. பேங்க் மேனேஜருடன் சென்னைக்குப் போன் போட்டுப் பேசினேன். ஜெயிலில் வேலை பார்த்தவர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் பிரசவித்த பெண், ஒரு வீட்டில் முதுகுவலிக்காரர், ஒரு வீட்டில் புதிதாக ஸ்பிரிங் மெத்தை வாங்கிய தம்பதி. எட்டு வீட்டிலும் படுத்தவர்கள் இருந்தார்கள்.

ஒன்பதாவது, நடராஜ் என்ற ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் வீடு. மகன் வெளிநாட்டிலிருந்து வந்து புது மெத்தை வாங்கிக் கொடுத்ததால் பழையதைக் கொடுத்திருந்தார். போடியிலிருந்து வந்த உயர்ந்த ரக இலவம்பஞ்சு, அதிலிருந்துதான் அக்கா அதிகம் எடுத்தாராம். நான் போனபோது கூடத்தில் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது. இருபது நாள் ஆகியிருந்தது.

"மெத்தை கொடுத்தன்னைக்கு அப்பாதான் ஒரு நுனியைப் பிடிச்சு வண்டியில ஏத்தினாங்க" என்றார் அவர் மகள். "வேண்டாம்பான்னா கேக்கல."

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பேரும் இருக்கிறார்கள் என்று இப்போது சொல்ல முடியாது. எட்டுப் பேர் என்றால் ஒன்பதாவது எங்கே என்று கேட்பார்கள். கொடுக்கும்போது இருந்தார், பிறகு இறந்தார் என்றால், அந்த மெத்தையைக் கொடுத்ததால்தான் இறந்தார் என்று வேறொன்று கிளம்புமோ என்று பயந்தேன். எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும் என்று யோசித்தேன். ஆடியிலேயே போயிருந்தால் ஒன்பது பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள் என்பதையும் யோசிக்காமல் இல்லை.

அக்காவிடம் நடராஜ் சாரைப் பற்றிச் சொல்லவில்லை.

"போனியளா சார்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இந்த வாரம் போறேன்கா."

இன்னொரு நாள், "சார், இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு" என்றார். அதற்கும் தலையாட்டினேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

ஐப்பசியில் களக்காட்டில் வளைகாப்பு நடந்தது. அன்று அக்கா விடுப்பு எடுக்கவில்லை. பதினான்கு மெத்தைகள் பிரித்தார். எந்த மெத்தையையும் விரித்துப் பள்ளம் பார்க்கவில்லை. எலியேசர் மட்டும் மத்தியானம் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்து, "கொடுத்துட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டார். "வேண்டாம்லே. திருப்பிக் கொடுத்துட்டாவன்னா அந்தப் பிள்ள மனசு சங்கடப்படும்" என்றார்.

தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் போய் அக்கா பார்த்துவிட்டு வந்தார். இரண்டு தடவை. இரண்டாவது தடவை குழந்தையைக் கையில் வாங்கினாராம். பிறகு அவர்கள் களக்காட்டுக்குப் போய்விட்டார்கள். நித்யா போனில் குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்க வைப்பாள். மையத்தில் சத்தமாக இருந்தால் அக்கா போனை எடுத்துக்கொண்டு நார்க் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

வைகாசியில் ஒரு காலை அவர் வேலைக்கு வரவில்லை. நான்கு வருடத்தில் சொல்லாமல் வராத முதல் நாள் அது. எலியேசர் போய்க் கதவைத் தட்டினார். பாயில் படுத்தபடியே போயிருந்தார். மாரடைப்பு என்றார்கள்.

களக்காட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். நித்யா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாயின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எடுப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. முத்துராணி வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வாசலில் கேட்ட கேள்வி, நான் தடுத்தது, ஒன்பது வீடு, நான் போய்ப் பார்த்தது, நடராஜ் சார். எதையும் விடவில்லை. சட்டைப் பையில் அந்தத் தாளும் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் எப்பப் பாத்திய?"

"புரட்டாசியில."

"வளைகாப்புக்கு முன்னாடியா?"

"ஆமா. அந்தத் தலைமை ஆசிரியர் இறந்துட்டதால, எப்படிச் சொல்லன்னு…"

"கொடுக்கும்போது இருந்தார்லா சார். பொறவு ஆயுசு முடிஞ்சா அதுக்கு வடிவு மதினி என்ன செய்வா? அது எனக்கு வெளங்காதா?" தாளை நான்காக மடித்தார். "ஏமாத்திட்டாளேன்னுதான் சார் இருந்தேன். இதை வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே போய்க் கூட்டியாந்திருப்பேன். பிள்ளையக் குளிப்பாட்டி விடக்கூட ஆளில்லாம அல்லாடிக்கிட்டுக் கெடந்தோம்."

உள்ளே குழந்தை அழுதது. நித்யா அதைத் தட்டிக் கொடுப்பது தெரிந்தது.

"ஏன் சார் வரல?" என்று கேட்டார் முத்துராணி. குற்றம் சாட்டுகிற குரலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"லீவு கெடைக்கலம்மா" என்றேன்.

சட்டென்று வந்தது. யோசிக்கவே இல்லை.